இரண்டு நிமிட வேலை

நெடுந்தீவு மீளிணைவு மையத்துக்கு வந்த மடிக்கணினிக்குத் தமிழ் தெரியாது என்பது அது வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அதற்குத் தமிழ் படிப்பிக்க மையத்துக்கு ஐந்து மாதம் போதவில்லை. அந்த ஐந்து மாதமும் மரியநாயகம் மையத்து வாங்கில் குந்தியிருந்தார்.

அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். ஒரேயொரு பக்கம். மரியநாயகம் என்பவர் நெடுந்தீவில் நிரந்தரமாக இருக்கிறார், அவருக்கு வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கும் மனைவி மேரிஜோசப்பினையும் மகள் கிறிஸ்ரினாவையும் பொறுப்பேற்க ஆயத்தமாக இருக்கிறார் என்று மையம் எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரை குத்த வேண்டும். அது யாழ்ப்பாணத்துக்குப் போனால்தான் அவர்கள் இருவருடைய பெயரும் திரும்பி வருகிறவர்களின் பட்டியலில் ஏறும். பட்டியல் 2004 யூலை முப்பதாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு மூடப்படும். அதற்குப் பிறகு இன்னொரு பட்டியல் வருமா என்று கேட்டால், எல்லாரும் வானத்தைத்தான் பார்த்தார்கள்.

மூன்று பேரும் 1996இல் ஒரே வள்ளத்தில் அக்கரைக்குப் போனவர்கள். அந்தப் பயணத்தில் மேரிஜோசப்பினின் தம்பி அவளுடைய கண் முன்னாலேயே கடலில் விழுந்து போனான். அன்றைக்கு அவள் சொன்ன சொல்தான்: இனி மீன்பிடி வள்ளத்தில் கால் வைக்க மாட்டேன், கப்பலிலோ பிளேனிலோ என்றால் வருவேன். 2002இல் சமாதானம் என்று சொன்னார்கள். மரியநாயகம் மட்டும் வள்ளத்தில் வந்து, பற்றை வெட்டி, கல் அடுக்கி, கூரை போட்டு, கிணற்றை இறைத்து முடித்தார். முடித்ததோடு அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுவிட்டது. கவலை என்று அதைச் சொல்ல முடியாது; கவலைப்படவும் ஒரு தெம்பு வேண்டும். விடிய வலை இழுத்தார், நண்டு விற்றார், பாண் தின்றார், மையத்துக்கு வந்தார். எப்படி இருக்கிறீர் என்று யாராவது கேட்டால் "இருக்கிறன்" என்பார்.

மடிக்கணினி, வட ஐரோப்பாவில் பாதி வருடம் பனிக்குள் கிடக்கிற ஒரு நாட்டின் அன்பளிப்பு. அங்கே ஏதோ ஒரு கந்தோரில் நாலு வருடம் உழைத்துக் களைத்த பிறகு, எங்கள் மேல் இரக்கம் கொண்டு கடல் கடந்து வந்தது. மார்ச் மாதம் அதைக் கையளிக்க ஒரு விழா. மையத்தின் பணிப்பாளர் அப்புத்துரை, கூட்டுறவுச் சங்கப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவர், வேட்டி சால்வையோடு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இதுக்குள்ள இருக்கிறது திறந்த மூல மென்பொருள். உலகத்தில ஆரும் இதைத் திறந்து பாக்கலாம், திருத்தலாம், மற்றவைக்கும் குடுக்கலாம். அவ்வளவு பெறுமதியான சாமான். ஆனபடியால் இதை ஒருத்தரும் தொடாத மாதிரி அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறதெண்டு நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானிச்சிருக்கு எண்டதை மகிழ்ச்சியோட அறியத் தாறன்."

சனம் கை தட்டியது. மரியநாயகமும் தட்டினார்.

விசைகளில் அந்த நாட்டு எழுத்துகள் இருந்தன. தலையில் வட்டம் வைத்தவை, வயிற்றில் கோடு இழுத்தவை என்று சில எழுத்துகள் ஆங்கிலத்திலும் இல்லாதவை. தாய்மொழி உரிமைத் திட்டத்தின் கீழ் வந்த கருவியில் இப்படி இருப்பது இழுக்கு என்று, யாழ்ப்பாணத்தில் அச்சடித்த தமிழ் எழுத்துத் துண்டுகளை ஒவ்வொரு விசைக்கும் மேலே ஒட்டுவதுதான் விழாவின் பிரதான நிகழ்ச்சி. முதல் துண்டைப் பணிப்பாளர் ஒட்டினார். இரண்டாவதைத் தேவாலயத்துச் சுவாமியார், மூன்றாவதைக் கோயில் ஐயர். அதன் பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாற்பத்துச் சொச்சம் பேர் ஆளுக்கொன்றாக வரிசையில் வந்து ஒட்டினார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் போனது. பசை திறமான பசை. ஒட்டியது ஒட்டியதுதான், நகத்தால் கிள்ளினாலும் வராது.

மூன்றாம் நாள் தட்டச்சாளர் நிமலினி மரியநாயகத்தின் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தாள். இருபது வருடம் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் விசையைப் பார்க்காமல் அடித்தவள். ஒரு வரி அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு மரியநாயகத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, நான் அடிக்கிறது ஒண்டு, இதில வாறது வேற ஒண்டு."

"ஆருடைய பாசை, தங்கச்சி?"

"அவையின்ரதான். வட்டமும் கோடும்."

பணிப்பாளர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கனநேரம் பார்த்தார்.

"வடிவாத்தானே கிடக்கு."

"சேர், இதில ஒரு தமிழ் எழுத்தும் இல்லை."

"துண்டு ஒட்டியிருக்குத்தானே?"

"அது மேல ஒட்டினது. உள்ளுக்கு இன்னும் அவையின்ர ஒழுங்குதான் கிடக்கு. உள்ளுக்கு மாத்த வேணும்."

"உள்ளுக்கு மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை, பிள்ளை. மேல ஒட்டிறதுக்குத்தான் அதிகாரம் தந்தவை."

இப்படித்தான் விசைப்பலகை உபகுழு பிறந்தது. ஒன்பது பேர். தலைவர் அப்புத்துரை, செயலாளர் நிமலினி, ஏழு உறுப்பினர்கள். பயனாளிகளின் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தபடியால், எப்படியும் வாங்கில் இருக்கிற மனிசன் என்று மரியநாயகத்தையே ஏழாவது உறுப்பினராகப் போட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம். தேவாரம், செபம், மௌன அஞ்சலி, சென்ற கூட்ட அறிக்கை வாசித்தல், அதில் திருத்தம், திருத்தத்துக்கு வழிமொழிதல். அறிக்கையை நிமலினி முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவாள். பணிப்பாளர் கையொப்பம் வைத்து முத்திரை குத்துவார். மரியநாயகம் தன் பெயருக்கு நேரே கையொப்பமிடுவார். ஒருவகையில் அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்த ஒழுங்கான உத்தியோகம் அதுதான்.

இரண்டாவது கூட்டத்தில் அவர் எழும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இந்த அறிக்கையைக் கையால எழுதி முத்திரை குத்திறியள். என்ர கடிதத்தையும் அப்பிடிச் செய்யேலாதோ?"

 அப்புத்துரை அன்போடுதான் பதில் சொன்னார்.

"மரியநாயகம், உமக்கு விளங்கேல்லை. கையெழுத்து ஆளுக்காள் மாறும், அதில பாரபட்சம் வரும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், மரியநாயகத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு வடிவா எழுதினது எண்டு. மெசினுக்கு ஆள் தெரியாது. அதுதான் வெளிப்படைத்தன்மை. இப்ப பாரும், உமக்கும் கடிதம் இல்லை, மற்ற ஆக்களுக்கும் கடிதம் இல்லை. எவ்வளவு நீதி."

பழைய தட்டச்சுப் பொறியில் அடித்தால் என்ன என்று நிமலினி கேட்டாள். அது பாவனைக்கு உதவாத பொருள் என்று ஏற்கனவே அட்டை கட்டியாயிற்று. அட்டை கட்டியதற்கு ஆதாரமாக அதன் மேல் ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடியும் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அடித்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தாய்மொழி உரிமைத் திட்டத்தில் ஆங்கிலக் கடிதமா என்று அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிசன் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. மடிக்கணினியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தலாமே என்று இன்னொருவர் கேட்டார். மையத்தின் பொருள் ஒன்று தீவை விட்டு வெளியே போவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், அந்தக் கடிதம் மடிக்கணினியில் அடித்ததாக இருக்க வேண்டும் என்று பணிப்பாளர் விதியை வாசித்துக் காட்டினார். ஓம் என்றார்கள் எல்லாரும். விதி என்றால் அப்படித்தானே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் மையத்தின் தலைமைக் கந்தோரில் தொழில்நுட்ப இணைப்பாளர் என்று டெனிஸ்ரன் என்ற இளந்தாரி இருந்தான். நல்ல பிள்ளை. மையத்திலிருந்து அரை மைல் தூரத்தில் இருந்த தொலைபேசியில் நிமலினி அவனைப் பிடித்தாள். மாற்றுவதற்கான கட்டளை ஒரு வரிதான் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் கொப்பியில் எழுதினாள். சைக்கிளில் மையத்துக்கு வந்து அடித்துப் பார்த்தாள். அந்த வரியின் நடுவில் ஒரு சிறிய கோடு போட வேண்டும். கோடு இருக்க வேண்டிய விசையை அமத்தினால் கூட்டல் அடையாளம் விழுந்தது. திரும்பவும் சைக்கிள்.

"தம்பி, கோடு போடச் சொன்ன இடத்தில சக அடையாளம் வருது."

"அது அந்த நாட்டு ஒழுங்கு, அக்கா. அதில கோடு வேற விசையில இருக்கும். விசையில கீறியிருக்குமே, பாத்து அடியுங்கோ."

"மேல துண்டு ஒட்டியிருக்கு, தம்பி."

"கழட்டுங்கோவன்."

"துண்டில அன்பளிப்புக்காரரின்ர இலச்சினை இருக்காம். கழட்டக் கூடாதாம்."

 விசைப்பலகையைத் திருத்துவதற்கு அதே பழுதான விசைப்பலகையால்தான் அடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் இருவருக்கும் வடிவாக விளங்கியது. நிமலினி லேசில் விடுகிற ஆள் இல்லை. மூன்று நாள் இருந்து, ஒவ்வொரு விசையாக அமத்தி, எதை அமத்தினால் எது விழுகிறது என்று கொப்பியில் முழுப் பட்டியலே எழுதிவிட்டாள். கோடும் அகப்பட்டது. வரியை அடித்தாள். மடிக்கணினி கடவுச்சொல் கேட்டது.

கடவுச்சொல் டெனிஸ்ரனிடம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது, கடிதத்தில் எழுதக்கூடாது, அவனே நேரில் வந்து அடிக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி.

"இரண்டு நிமிச வேலை, அக்கா," என்றான் டெனிஸ்ரன். "நான் வந்து அந்தச் சொல்லை அடிச்சு, உங்கட வரியைப் போட்டால் சரி. யன்னல் திறக்கிற மாதிரி."

இரண்டு நிமிடம் என்பதை நிமலினி வாங்குக்கு வந்து சொன்னபோது மரியநாயகம் தலையாட்டினார். அவ்வளவுதான். சந்தோசம் வரும் என்று அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனித்தான் மையம் தன் முழுப் பலத்தையும் காட்டியது. வெளியிலிருந்து ஒரு அதிகாரி தீவுக்கு வருகிறான் என்றால் அவனைச் சும்மா உள்ளே விட்டு வேலை செய்ய வைப்பது இந்தப் பக்கத்தில் அவமரியாதை. வரவேற்க வேண்டும். மே மாதம் டெனிஸ்ரன் குறிகட்டுவான் துறையில் ஏறி, மையம் ஒழுங்கு செய்த வின்சன்றின் படகில் பத்தரை மணிக்கு வந்து இறங்கினான். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கிய காலம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு கடல் கொந்தளிக்கும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதில் வின்சன்ற் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

துறைமுகத்தில் மாலை. அங்கிருந்து மையம் வரை பாடசாலை பாண்ட் வாத்தியம். மையத்து வாசலில் மாவிலைத் தோரணத்தை ஆடு தின்றுவிட்டபடியால் புதிது கட்டும்வரை எல்லாரும் வெயிலில் நின்றார்கள். மங்கள விளக்கு. ஐயர் தேவாரம், சுவாமியார் செபம். இரண்டும் சம அளவாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து நீட்டினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, பொன்னாடை. மடிக்கணினியைத் தாம்பாளத்தில் வைத்து வெற்றிலை பாக்கோடு சபைக்குக் கொண்டுவந்து காட்டி, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். சாப்பிடாமல் போனால் எங்களை மதிக்கவில்லை என்று ஆகிவிடும் என்றார் பணிப்பாளர். டெனிஸ்ரன் நண்டுக் கறியில் கை வைத்திருக்கும்போது துறைமுகத்தில் படகு புறப்படப் போவதாகக் கோன் அடிப்பது கேட்டது.

"அடுத்த முறை கட்டாயம், அக்கா," என்று கையைக் கழுவாமலே ஓடினான்.

யூனில் திரும்பவும் வந்தான். இம்முறை நிகழ்ச்சி நிரலை நிமலினி பாதியாக வெட்டியிருந்தாள். வெட்டிய இடத்தில் பணிப்பாளர் சான்றிதழ் வழங்கல் என்று ஒன்றைச் செருகினார். மடிக்கணினிப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்த முப்பத்திரண்டு பேருக்கு, அலுமாரிக் கண்ணாடி ஊடாக அதைப் பார்த்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாத முப்பத்திரண்டு பேருக்கு, டெனிஸ்ரன் கையால் சான்றிதழ். மரியநாயகத்துக்கும் ஒன்று கிடைத்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோன் அடித்தது.

மேரிஜோசப்பின் முகாமிலிருந்து எழுதியிருந்தாள். சோப்பு, மழை, கிறிஸ்ரினா பெரியபிள்ளை ஆகிவிட்டாள், ஒருவரும் இல்லாமல் தண்ணீர் வார்த்தோம், உங்கள் அலுவல் எந்த மட்டில் இருக்கிறது. மரியநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார். நடக்கிறது என்று பதில் எழுதினார். வேறு எழுத ஒன்றும் வரவில்லை.

யூலை முப்பது வெள்ளிக்கிழமை. கடைசி நாள். டெனிஸ்ரனோடு அன்பளிப்பு நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் வந்தார். வெயிலில் சிவந்த முகம், நல்ல சிரிப்பு. திட்டம் நிமலினி போட்டது. டெனிஸ்ரன் கடவுச்சொல் அடிப்பான், நிமலினி ஐந்தே நிமிடத்தில் கடிதத்தை அடித்து அச்செடுப்பாள், பணிப்பாளர் முத்திரை குத்துவார், டெனிஸ்ரன் கையோடு கொண்டுபோய் நாலு மணிக்கு முன் யாழ்ப்பாணத்தில் கொடுப்பான். முதல் நாள் அவள் பணிப்பாளரோடு சண்டையே பிடித்தாள். பாண்ட் இல்லை, பொன்னாடை ஒன்று, தேவாரமும் செபமும் ஒவ்வொரு வரி, சாப்பாட்டைப் பொதி கட்டிக் கொடுக்கலாம். பணிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் முகம் சுருங்கினார், ஆனால் விட்டுக்கொடுத்தார். ஒன்றை மட்டும் விடவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பயனாளியின் நன்றியுரை, ஏழாவது மடிக்கணினியைத் திறத்தல். ஆறு முடியாமல் ஏழு வராது. அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவருடைய மடியில் செருகியிருந்தது.

"இரண்டு நிமிசம்தானே, பிள்ளை. அந்த அம்மா எங்கட சனத்தின்ர குரலைக் கேக்க வேணும் எண்டு அவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறா. மரியநாயகம் பேசுவார். அவர்தானே வாங்கில கூடக் காலம் இருந்தவர்."

மரியநாயகம் பேச மாட்டார் என்று நிமலினி நிம்மதியாகவே இருந்தாள். அந்த மனிசன் ஒரு நாளில் பத்துச் சொல் பேசினால் அதிகம். எழுதியும் கொடுத்தாள். "மையத்துக்கு நன்றி. அன்பளிப்புச் செய்தவர்களுக்கு நன்றி. வணக்கம்."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று வரியையும் வாசித்தார். டெனிஸ்ரன் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் அந்தப் பெண்மணிக்குச் சொன்னான். நிமலினி அலுமாரிக்குப் பக்கத்தில் கொப்பியோடு ஆயத்தமாக நின்றாள். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. மரியநாயகம் தாளை மடிக்கும்போது அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

டெனிஸ்ரன் சொன்னான்: "அண்ணை, உங்கட மனுசியின்ர பேர் என்ன எண்டு கேக்கிறா."

இரண்டு வருடத்தில் எத்தனையோ படிவத்தில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"மேரிஜோசப்பின்," என்றார். பிறகு ஒலிவாங்கியை விட்டு விலகாமல் நின்றார். "ஜோசப்பின் எண்டுதான் கூப்பிடுறனான். கோபம் வந்தால் மேரி எண்டுவன். கோபம் அவவுக்குத்தான் கூட வாறது. கதிரையில காலைத் தூக்கி வைச்சால் கோபம். தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிச்சால் கோபம். முகாமில எங்கட அறைக்கு யன்னல் இல்லை. எட்டு வருசமா யன்னல் இல்லாத அறைக்குள்ள சமைக்கிறவ. அதால வீட்டுக்கு நான் மூண்டு யன்னல் வைச்சிருக்கிறன். குசினிக்கு மட்டும் இரண்டு. புகை போகும், காத்தும் வரும். வந்து நிண்டு பாத்திட்டு இதென்ன இவ்வளவு யன்னல் எண்டு பேசுவா. பேசட்டும்."

டெனிஸ்ரன் மொழிபெயர்த்தான். பெண்மணி தலையை மெல்ல ஆட்டி, சொல்லுங்கள் என்பது போல் கையைக் காட்டினார்.

"நான் வெளிக்கிட்ட அண்டைக்குப் பிள்ளை பைப்படியில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டது. பதினொரு வயசு. அப்பா போட்டு வாறன் எண்டனான். திரும்பிப் பாக்கேல்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே நிண்டது. ஒரே கோப்பையைத்தான் கழுவினது, நான் பாத்தனான். இப்ப பதின்மூண்டு. பெரியபிள்ளை ஆயிட்டுதாம். கடிதத்தில போட்டிருந்தது. எனக்கு அதை வாசிக்கேக்க ஒண்டும் வரேல்லை. சோப்பு முடிஞ்சுது எண்டதையும் இதையும் ஒரே மாதிரித்தான் வாசிச்சனான். என்ன மனிசன் நான்."

 மரியநாயகம் பேசினார். கிணறு முதலில் சவர் தட்டியதையும் இறைக்க இறைக்க நல்ல தண்ணீர் வந்ததையும் சொன்னார். கடலில் போன மைத்துனன் அன்றைக்கு உடுத்திருந்த சாரத்தின் நிறத்தைச் சொன்னார். மகளுக்கென்று அடித்த கட்டிலை எந்தப் பக்கமாகப் போடுவது என்று மூன்று தரம் மாற்றிப் போட்டதைச் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் டெனிஸ்ரன் ஒரு வசனம் சொன்னான். சில இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் சொன்னான். உறைக்குள் இருந்த கடவுச்சொல் அவனுடைய சட்டைப் பையில் இருந்தது, துடைக்க எடுத்த கைலேஞ்சியும் அதே பையில்தான் இருந்தது.

பின்னால் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற நிமலினி மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். மரியநாயகம் பார்த்தார். விளங்கியது. பதினொன்று இருபது. பதினொன்று நாற்பது. நிறுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அடுத்த வசனத்தைத் தொடங்கினார்.  ஜோசப்பினின் பெயரைச் சொல்லச் சொல்ல அவள் இந்தச் சபையில் எங்கேயோ வந்து இருக்கிற மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனிசன் சந்தோசமாக இருந்தார்.

கோன் அடித்தது. இரண்டாம் தரமும் அடித்தது.

சபை முழுவதும் எழும்பி நின்று கை தட்டியது. வெள்ளைக்காரப் பெண்மணி ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு ஏதோ சொன்னார். டெனிஸ்ரன் அவரைக் கட்டிப்பிடித்தான். "அண்ணை, இப்பிடி ஒரு பேச்சை என்ர வாழ்நாளில கேக்கேல்லை," என்றான். மூன்றாம் கோனுக்கு இருவரையும் சாப்பாட்டுப் பொதியோடு துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நிமலினி கொப்பியைத் தூக்கிக்கொண்டு "தம்பி, அந்த உறை, அந்த உறை" என்று பின்னால் ஓடினாள். வின்சன்ற் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கடல் ஏற்கனவே வெள்ளை கட்டத் தொடங்கியிருந்தது.

மண்டபத்தில் நிகழ்ச்சி நிரல் இன்னும் முடியவில்லை. பணிப்பாளர் மடியிலிருந்து திறப்பை எடுத்து, ஏழாவது நிகழ்ச்சி என்று அறிவித்து, அலுமாரியைத் திறந்து, மடிக்கணினியையும் திறந்து வைத்தார். மிச்சம் இருந்த சனம் கை தட்டியது. பிறகு மூடிப் பூட்டினார்.

நிமலினி துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வியர்த்து ஒழுகியது. கொப்பியை மடியில் வைத்தாள்.

"இரண்டு நிமிசம், அண்ணை," என்றாள் கடைசியில். "இரண்டே இரண்டு நிமிசம்."

"தெரியும், தங்கச்சி."

"நான் கையைக் காட்டினனான்."

"கண்டனான்."

"பின்னை ஏன் நிப்பாட்டேல்லை?"

"ஏலாமல் போட்டுது." அவர் நன்றியுரைத் தாளை இன்னும் ஒருதரம் மடித்தார்.  "கேட்டினம். அதால சொன்னனான்."

அவள் எழும்பிப் போய், திரும்பி நின்று முகத்தைத் துடைத்தாள். சுவர் மணிக்கூட்டில் ஒரு மணி. நாலு மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது, நடுவில் கடல் இருந்தது.

பணிப்பாளர் அப்புத்துரை வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மரியநாயகத்துக்கு எதிரே இருந்தார். ஐந்து மாதத்தில் அவர் வாங்குப் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முகம் பூரித்துப் போயிருந்தது.

"மரியநாயகம், நீர் இவ்வளவு பேசுவீர் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. அந்த அம்மா போகேக்க என்ன சொன்னவ தெரியுமே? இன்னும் பத்து லப்ரொப் அனுப்புறதெண்டு சொல்லியிருக்கிறா. செப்ரெம்பரில பெரிய விழா. நீர்தான் நன்றியுரை. வேற ஒருத்தரையும் விடமாட்டன். இதையே பேசும், ஒரு சொல்லும் மாத்த வேண்டாம். அந்தப் பிள்ளை கோப்பை கழுவின இடம் வருகுதெல்லே, அதில மட்டும் கொஞ்சம் நிண்டு பேசும். அதிலதான் அம்மா கண்ணைத் துடைச்சவ."

மரியநாயகம் யோசித்தார். பிறகு கேட்டார்:

"எத்தினை நிமிசம் பேச வேணும், ஐயா?"